ரெண்டாள் சாமான்

பேகம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்புகளைத் தாண்டிப் போகிற ரோட்டில் அப்துல் வாஹித் பாயின் பழைய இரும்புக் கடை இருந்தது. கடை என்று பேர்தானே ஒழியக் கூரை கிடையாது. நாலு பக்கமும் முள்வேலி, நடுவில் ஒரு வேப்பமரம், மரத்தைச் சுற்றி ரயில்வேயில் ஏலம் எடுத்த சாமான்கள், மூடிப்போன பட்டறைகளிலிருந்து வந்தவை, உடைந்த எண்ணெய்ச் செக்கின் பல்சக்கரங்கள். அந்த வேலிக்குள் பெண்பிள்ளைகள் நுழைந்து யாரும் பார்த்ததில்லை. ஐம்பத்தொன்பதாம் வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை வெயில் ஏறுவதற்குள், ரோசலின் தன் புருஷனுக்குப் பின்னால் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

தோல் ஊறுகிற நாற்றம் வேலிக்கு மேல் மிதந்து வந்தது. சாமான் பிரித்துக் கொண்டிருந்த ஆட்கள் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னப்பா, செவிட்டு மேஸ்திரி பொஞ்சாதியக் கூட்டிட்டு வந்திருக்காரு?"

"அவருக்குக் காது அதுதானாம்ல."

ஞானதாஸ் அவர்களைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்துத் தலையசைத்தார். அவர்கள் ஏதோ சௌக்கியம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். ரோசலின் அதை அவருக்குச் சொல்லவில்லை. இப்படி அவருக்குச் சொல்லாமல் விட்ட பேச்சுகள் அவளிடம் எத்தனையோ சேர்ந்து கிடந்தன. ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்து, ஊர்ப் பேச்சு முழுவதும் ஒருத்தி காதில் மட்டும் விழுந்தால் அப்படித்தான் ஆகும்.

ஞானதாஸ் இருபத்திரண்டு வருஷம் இரும்புப் பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்தவர். பாங்கியிலும் ஜவுளிக் கடையிலும் நிற்கிறதே ஆள் உயரப் பெட்டி, அதன் கனத்த தகட்டைக் காய்ச்சி வளைத்து மூலை அடிக்கிற வேலை. அந்தச் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் கோயில் மணி கேட்கவில்லை. பிறகு அடுப்படியிலிருந்து ரோசலின் கூப்பிட்டது கேட்கவில்லை. மடத்து ஆஸ்பத்திரியில் இருந்த சிஸ்டர், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நரம்பு போச்சு, மருந்தில்லை" என்று சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே ஞானதாஸ் சொன்னார், "இது நமக்குள்ள இருக்கட்டும். தெரிஞ்சா நாளைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவாங்க."

பட்டறைக்குள் எல்லாருமே சைகையில்தான் பேசினார்கள், அங்கே தப்பித்துக்கொள்ளலாம். வெளியில்தான் சிரமம். அதற்கு ரோசலின் பழக்கி விட்டாள். சாயந்தரம் சோளச்சோறும் மொச்சைக் குழம்பும் வைத்துக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைப்பாள். அவர் சாப்பிட்டபடி, என்ன சொன்னாள் என்று சொல்ல வேண்டும். யாராவது வீட்டுக்கு வந்தால், வந்தவர் சொன்னதை அவர் பக்கம் திரும்பிக் கேள்விபோல மறுபடி சொல்வாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இதற்கு நேரம் இருந்தது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

தை மாதம் பொங்கல் கழிந்து ஒரு வாரம். பெட்டிக் கதவைக் கீலில் ஏற்றுகிறபோது ஞானதாஸ் கடப்பாரையால் நெம்பிப் பிடித்திருந்தார். கீழே கையை விட்டுக் கீலைச் சரி பார்த்துக் கொண்டிருந்தவன் சங்கிலி. பதினோரு வருஷம் அவரோடு ஜோடியாகச் சம்மட்டி அடித்தவன். தாடிக்கொம்பிலிருந்து தினமும் சைக்கிளில் வருவான். "இருண்ணே" என்று அவன் கத்தியது சம்மட்டிகள் ஓய்ந்திருந்த பட்டறை முழுவதும் கேட்டது. ஞானதாஸ் கடப்பாரையை இறக்கினார்.

சங்கிலிக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. ஞானதாஸின் காது விஷயமும் அன்றைக்கே வெளியே வந்தது. முதலாளி நல்ல மனுஷர்தான், இரண்டு பேருக்கும் கணக்கு முடித்துக் கொடுத்து அனுப்பினார்.

ஞானதாஸ் ஒரு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு, மேட்டுப்பட்டியில் தங்கள் வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையில் சொந்தமாகப் பட்டறை போடுவது என்று முடிவு செய்தார். "சங்கிலியும் வரட்டும். அவனுக்கு மூணு வெரலு இருக்கு, சம்மட்டி பிடிக்கலாம். பாதிக்குப் பாதி. நீ போய்க் கேட்டுட்டு வா."

"நீங்க போகலயா?"

"அவன் பேசுறது எனக்குக் கேக்காதுல்ல. அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கணும். எனக்குத் தெம்பில்ல ரோசலின்."

அவள் போய்விட்டு வந்தாள். "கை ஆறட்டும், வாரேன்னாரு" என்று உதட்டை அசைத்துச் சொன்னாள். அது பொய்.

அந்தப் பொய்யை நம்பித்தான் அவர் இப்போது வாஹித் பாயின் கடையில் சாமான் பொறுக்கிக் கொண்டிருந்தார்.

முதலில், இரும்பை வைத்து அடிக்கிற பட்டறைக்கல். வேப்பமரத்தடியில் மூன்று கல் கிடந்தன. கல் என்பது பேச்சுக்குத்தான், எல்லாம் வார்ப்பு எஃகு. ஞானதாஸ் குனிந்து கற்களின் முகத்தைத் தடவினார். மூலைகளைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரு சின்னச் சுத்தியை எடுத்து ரோசலினிடம் நீட்டினார்.

"தட்டு. நல்ல கல்லுன்னா மணி மாதிரி இழுக்கும். உள்ள கீறல் இருந்தா டொக்குன்னு செத்துரும். நல்லாக் கேட்டுச் சொல்லு."

பழைய நாளில் அவர் தெருவில் போகிறபோதே அடுத்தவன் பட்டறைக் கல் கீறல் விட்டிருப்பதைச் சொல்லிவிடுவார். அது அவளுக்குத் தெரியும். சுத்தியை வாங்கினாள். சாமான் பிரிக்கிற ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

முதல் கல் நன்றாக இருப்பதாகத்தான் பட்டது. இரண்டாவதைத் தட்டினாள். அது தொண்டை கட்டினவன் இருமுகிற மாதிரி ஒலித்தது. மூன்றாவது கல் பார்வைக்கு அசிங்கமாக, ஒரு பக்கம் பள்ளம் விழுந்து இருந்தது. அதைத் தட்டியதும் சத்தம் எழும்பி, வேலியைத் தாண்டி, மெல்ல இறங்கி அடங்கியது. அவள் மறுபடி தட்டினாள். தேவையில்லாமல் இன்னொரு தடவையும் தட்டினாள்.

"இதுதான்" என்றாள், அவர் முகத்துக்கு நேரே.

ஞானதாஸ் அந்தக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "அடி" என்றார். அவள் அடிக்க, கையை எடுக்காமல் கண்ணை மூடிக் கொண்டிருந்தார். "ஆமா, இதுதான்."

வாஹித் பாய் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். வெள்ளைத் தாடி, கையில் விசிறி. "ஏம்மா, அந்த மூணாவது கல்ல ஆறு மாசமா ஒருத்தனும் தொடல. பள்ளத்தப் பாத்துட்டுப் போயிருவானுங்க. ஒனக்குக் காது இருக்கும்மா."

அவள் சுத்தியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் வினை வந்தது. ஞானதாஸ் ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் அடுக்கினார். பதினாலு ராத்தல் சம்மட்டி. ஒருவர் குறட்டில் பிடிக்க மற்றவர் மேலே அடிக்கிற வளைவு அச்சு இரண்டு. ஆள் நீளக் குறடு. இரண்டு கைப்பிடி வைத்த பெரிய துருத்தி. அவர் முகத்தில் இரண்டு மாதமாகக் காணாத தெளிவு இருந்தது.

வாஹித் பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா, இதெல்லாம் ரெண்டாள் சாமானாச்சே. ஒத்தையில நின்னு இதுல ஒண்ணும் ஓட்ட முடியாது. கூட யாரு?"

அவள் வாய் திறக்குமுன், பாயின் உதட்டைப் பார்த்துவிட்ட ஞானதாஸ் சொன்னார்: "சங்கிலி இருக்கான் பாய். தாடிக்கொம்பு சங்கிலி. வாரேன்னு சொல்லிருக்கான்." சம்மட்டியைத் தூக்கிக் காட்டினார். "காம்பு மட்டும் செதுக்கிச் சின்னதாப் போடணும். அவனுக்கு மூணு வெரலுல்ல, பிடி அடங்கணும்."

ரோசலின் பாயைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

மாசி மாதம் அவள் தாடிக்கொம்புக்குப் போனபோது சங்கிலி வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கையில் மஞ்சள் பூத்த கட்டு. எழுந்து அவளை உட்காரச் சொன்னான். அவள் விஷயத்தைச் சொன்னாள். 

"மதினி, ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லுங்க. அண்ணனுக்குக் காது போனது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு வருசமா" என்றாள்.

"முந்தின நாளு எனக்கும் அவருக்கும் ஒரு வாக்குவாதம். லேசான பேச்சுத்தான். நான் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, இம்புட்டுக் கத்தியும் அந்தக் கோவத்துல வேணும்னே விட்டுட்டாரோன்னு நெனச்சேன் மதினி. நாலு நாளு நெனச்சேன். பதினோரு வருசம் கூட நின்ன மனுசன அப்படி நெனக்கலாமா? அப்புறம்தான் செவிடுன்னாங்க. சரி, பாவம், அவருக்கே தெரியாம நடந்துபோச்சுன்னு மனச ஆத்திக்கிட்டேன்." கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டான். "ரெண்டு வருசமாத் தெரியுமா? ஒரு வார்த்த என்கிட்டச் சொல்லிருந்தா நான் கத்தியே இருக்க மாட்டேனே. அவரு கண்ணுக்கு முன்னாடி கைய ஆட்டிட்டுல்ல உள்ள விட்டிருப்பேன். நான் என்ன மொதலாளிகிட்டயா போய்ச் சொல்லிருவேன்?"

"தம்பி..."

"நான் வரல மதினி. கோவம்னு நெனச்சுக்காதீங்க. வரல, அம்புட்டுத்தான்."

அவன் சம்சாரம் அங்காளம்மாள் நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.  ரோசலின் எழுந்தபோது உள்ளே போய் ஒரு கும்பா கம்பங்கூழும் வெஞ்சனத்துக்குச் சுட்ட கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். ரோசலின் அதை எப்படி விழுங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

இதையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு, அவள் இப்போது அவர் சம்மட்டிக் காம்பை அளப்பதைப் பார்த்தாள். வராத ஒருவன் கைக்கு அளவு பார்த்துக் கொண்டிருந்தார் மனுஷன். எடை போடுகிற இடத்தில் ஒரு சாக்பீஸ் கிடந்தது. அதை எடுத்தாள். மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த கையெழுத்து. பட்டறைக்கல்லின் முகத்திலேயே எழுதினாள்.

*சங்கிலி தம்பி வரமாட்டார்.*

ஞானதாஸ் குனிந்து படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"ஏன்?"

உள்ளங்கையால் அழித்துவிட்டு எழுதினாள். *நாம் மறைத்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு முன்பே தெரியும் என்பதும்.*

காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. ஞானதாஸ் அவளிடம் மட்டும் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார். அது தோல் ஷாப்பு வரைக்கும் கேட்டது.

"நான்தானடி சொல்லாதேன்னேன்! செவிடுன்னு வெளிய தெரியக் கூடாதுன்னு நான்தானே ஒன் வாயக் கட்டுனேன்! ஒன்ன என்ன சொன்னான் அவன்? ஒன்னயவா சொன்னான்?"

சாமான் பிரிக்கிற சத்தம் நின்றது. ரோட்டில் போன மாட்டு வண்டிக்காரன் கயிற்றை இழுத்து நிறுத்தினான். ரோசலின் இரண்டு கைகளாலும் மெதுவாக, மெதுவாக என்று காட்டினாள். அவருக்குப் புரியவில்லை.

"மாசியிலயே சொல்லிட்டானா?"

தலையசைத்தாள்.

"அப்பருந்து நீ மட்டுமா இத வச்சுக்கிட்டு இருந்த?"

அதற்கும் தலையசைத்தாள். அவ்வளவு பேர் முன்னால் அழக் கூடாது என்று முக்காட்டைப் பல்லில் கடித்துக் கொண்டாள்.

வாஹித் பாய் விசிறியை நீட்டி, "அங்கென்னப்பா பார்வ? அவங்கவங்க சோலியப் பாருங்க" என்று அதட்டினார். வண்டி நகர்ந்தது. சுத்திச் சத்தம் மறுபடி தொடங்கியது.

ஞானதாஸ் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்த இடத்தில் வைத்தார். அச்சு இரண்டையும் வைத்தார். குறட்டை வைத்தார். துருத்தியை அவர் தூக்கப் போனபோது பாய் கையைப் பிடித்து நிறுத்தி, வேலியோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாக்கை விலக்கினார். தரையில் ஊன்றி நிறுத்துகிற காலுள்ள பெரிய வைஸ் ஒன்று, கிரீஸ் காயாமல் இருந்தது.

"இது பிடிச்சுக்கிட்டா விடாது" என்று பாய் வாயை அகலத் திறந்து சொன்னார். "ஆளு வேணாம். இரும்புப் பெட்டி வேலைய விடுங்க மேஸ்திரி. தகர வேல பாருங்க. டிரங்குப் பெட்டி, வாளி, கதவுத் தாப்பா."

ஞானதாஸ் வைஸின் வாயைத் திருகித் திறந்தார், மூடினார். திருகு வழவழவென்று ஓடியது.  தகடு வெட்டுகிற கத்திரியில் பெரியதை விட்டுச் சின்னதை எடுத்தார். இரண்டு ராத்தல் சுத்தி ஒன்று. உருண்டை முகம் வைத்தது ஒன்று. விளிம்பு தட்ட மரச்சுத்தி. தகட்டை நடுவில் வைத்து மடக்குவதற்கு இரண்டு கோணச் சட்டம். கையால் சுற்றுகிற டிரில், மூன்று அரம். ஒவ்வொன்றையும் ஒரு கையில் தூக்கிப் பார்த்துத்தான் எடுத்தார். கல்லோடும் வைஸோடும், ஒருவர் கைக்கு அடங்கினதெல்லாம் வாடகை வண்டியில் ஏறியது. வண்டி போக, பின்னால் இரண்டு பேரும் நடந்தார்கள். மணிக்கூண்டுப் பக்கம் வரும்போது அவர் திரும்பி, "சாப்டியா?" என்று கேட்டார். காலையிலிருந்து இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

ஈஸ்டர் கழிந்ததும் கொட்டகையில் வேலை தொடங்கியது. தகர வேலை அவர் கைக்குப் புதிது. நெருப்பில் காய்ந்த கனத்த இரும்பை அடித்துப் பழகினவருக்கு மெல்லிய தகடு முதலில் பணியவில்லை, நெளிந்தது, கிழிந்தது. வைகாசிக்குள் வாளி அடி நேராக உட்கார்ந்தது. ஆனி முகூர்த்தத்துக்கு நாலு டிரங்குப் பெட்டி கேட்டு வந்தார்கள்.

வைஸ் பிடிக்கும் என்றாலும் பெட்டி மூடிக்கு நீளத் தகடு மடக்கும்போது மறுமுனையை ஒரு ஆள் பிடித்தே ஆக வேண்டும். ரோசலின் பிடித்தாள். தகரக் கூரைக்குக் கீழே தகரத்தை அடித்தால் அது மண்டைக்குள் அடிக்கிற மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார். சுத்தியை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்ப் பஞ்சு வாங்கி வந்து, எண்ணெயில் தோய்த்து உருட்டி, தானே அவள் காதில் வைத்து அடைத்தார். "ஒனக்கும் போயிரக் கூடாது" என்றார். அவர் சொன்னது அவளுக்கு அடி ஆழத்திலிருந்து கேட்டது.

பஞ்சை வைத்துக்கொண்டு அவள் நின்ற முதல் நாளை அவளால் மறக்க முடியவில்லை. சுத்தி இறங்குகிறது, ஏறுகிறது. தகடு அதிர்வது கையில் தெரிகிறது. எதிரே அவர் வாய் அசைகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் கோழி இறக்கையை அடித்துக்கொண்டு ஓடுகிறது. எல்லாம் தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோல இருந்தது. இத்தனை நாளும் இந்த மனுஷன் இங்கேயா இருந்தார் என்று நினைத்தாள். உதட்டை அசைத்துப் பழக்கினாளே தவிர, இந்த இடத்துக்கு அவள் ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை.

ஆடிக் காற்று சிறுமலைப் பக்கமிருந்து புழுதியை வாரிக்கொண்டு அடித்த ஒரு நாள், மத்தியானத்துக்கு மேல், பக்கத்து வீட்டுப் பெருமாயி குடத்தோடு வந்தாள். புகையிலைக் கம்பெனியில் காம்பு கிழிக்கிறவள். அன்றைக்கு வேலை இல்லை. ரோசலின் பஞ்சை எடுத்துவிட்டுத் தண்ணீர் சேந்திக் கொடுத்தாள்.

"ஏன்க்கா, காலைல வந்தாரே ஒரு ஆளு, யாரு அது? ஒங்களுக்கும் அவருக்கும் சண்டையா?"

"எந்த ஆளு?"

"சைக்கிள்ல வந்தாரு. வலது கையில துண்டு சுத்தியிருந்தாரு. வேலிப் படல்கிட்ட நின்னு மதினி மதினின்னு கூப்புடுறாரு, கூப்புடுறாரு, நீங்க நிமிரவே இல்ல. ரெண்டு பேரும் முதுகக் காட்டிக்கிட்டு வேல பாக்குறீங்க. நான் வேணா போய்ச் சொல்லட்டான்னேன். வேணாம், இருக்கட்டும்னுட்டு ஏறிப் போயிட்டாரு. மொகமே செத்துப்போச்சுக்கா அவருக்கு."

ரோசலின் கையை விரித்துப் பஞ்சைப் பார்த்தாள். அது இரண்டு சின்ன உருண்டை. கொட்டகைக்கு ஓடினாள். பாதி முடிந்த மூடித் தகட்டின் மேல் சாக்பீஸால் எழுதினாள்.

*சங்கிலி தம்பி காலையில் வந்து கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை.*

எழுதி முடித்தபோது சாக்பீஸ் ஒடிந்தது. ஞானதாஸ் படித்தார். அவள் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். சுத்தியை வைத்துவிட்டுக் கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார்.

"கெளம்பு."

"நீங்களுமா?"

"நானும்தான்."

தாடிக்கொம்பு ரோட்டில் காற்று எதிரே அடித்தது. அவர் முன்னால் நடந்தார். பின்னால் ஹாரன் கேட்கும்போதெல்லாம் ரோசலின் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். கேட்கவில்லை தம்பி என்று சொல்ல வேண்டும். அவன் எப்படி நம்புவான்? அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் யார்தான் நம்புவார்கள்? பஞ்சைக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று நினைத்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அங்காளம்மாள் வாசலில் மொச்சை உரித்துக் கொண்டிருந்தாள். கயிற்றுக் கட்டில் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அவுக இல்ல" என்றாள். எழுந்திருக்கவில்லை. "வத்தலக்குண்டுல ஒரு அரிசி மில்லுல வாட்ச்மேன் வேல. மத்தியான பஸ்ஸுக்குப் போயிட்டாக. நான் அடுத்த மாசம் போறேன். ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகணும்னு காலைல அம்புட்டுத் தூரம் சைக்கிள் மிதிச்சு வந்தாக. திரும்பி வந்து சோறுகூடத் திங்கல."

"கேக்கல அங்காளம்மா." ரோசலின் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "பஞ்சு வச்சிருந்தேன். நிசமா எனக்குக் கேக்கல."

அங்காளம்மாள் அந்த எண்ணெய்ப் பஞ்சைப் பார்த்தாள். தொடவில்லை. நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை.

"என்ன சொல்லுது?" என்றார் ஞானதாஸ். அடுத்த வீட்டில் கட்டியிருந்த ஆடு மிரண்டு பார்த்தது.

ரோசலின் அவர் பக்கம் திரும்பினாள். வத்தலக்குண்டு என்பதைச் சொன்னாள். மில் வேலையைச் சொன்னாள். சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தான் என்பதைச் சொன்னாள். சோறு தின்னாமல் போனதையும் சொன்னாள். இந்தத் தடவை எதையும் விடவில்லை. அவர் அவள் உதட்டைப் பார்த்தபடி நின்றார். எல்லாம் முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு அங்காளம்மாளுக்கு நேரே போய்க் குந்தி உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்து, அவரால் முடிந்த மட்டும் குரலைத் தணித்து, "வத்தலக்குண்டுக்குக் காலைல மொதப் பஸ் எத்தன மணிக்கும்மா?" என்று கேட்டார்.

அங்காளம்மாள் மொச்சைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டாள். "ஆறு மணிக்கு ஒண்ணு இருக்கு" என்று ரோசலினைப் பார்த்துச் சொல்லத் தொடங்கியவள், பாதியில் நிறுத்தி அவர் பக்கம் திரும்பினாள். ஒரு கையை முழுவதும் விரித்து, மறு கையில் ஒரு விரலை நீட்டி, அவர் எண்ணி முடிக்கிறவரை அப்படியே காட்டிக்கொண்டிருந்தாள்.